பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டுள்ளது: சவாரிகள் நிற்கும்போது சுற்றுலாச் செலவு என்னவாகிறது?

டிராம்பே, மாகுல், செம்பூர்ப் பகுதிகளில் வாழ்வோருக்கு ‘ஷட்டவுன்’ என்ற சொல் புதிதன்று. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் மின்நிலையமும் சூழ்ந்த இப்பகுதியில், இயந்திரங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் காலம் எப்போது வரும் என்பதைப் பொறுத்தே பல குடும்பங்களில் விடுமுறைத் திட்டம் வகுக்கப்படுகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சைரஸ் ஆய்வு உலை 1960இல் இயங்கத் தொடங்கியது. 1997இல் புதுப்பிப்புக்காக நிறுத்தப்பட்டு, 2002இல் மீண்டும் இயங்கியது. 2010ஆம் ஆண்டின் இறுதி வரை பணியாற்றியது. நிறுத்திப் புதுப்பித்தால் ஆயுள் கூடும் என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு.

தொழிற்சாலைக்குப் பொருந்தும் இந்த நியதி, நாம் குழந்தைகளோடு செல்லும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் பொம்மை ரயில்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆலை நிற்பது ஊழியர்களுக்கு முன்கூட்டியே தெரியும். சவாரி நிற்பதோ, பெரும்பாலும் பயணச்சீட்டு வாங்கி உள்ளே சென்ற பின்னரே நமக்குத் தெரியவருகிறது. ஆண்டு முழுவதும் சேமித்து, ஒரே ஒரு நாள் வெளியே செல்லும் குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று. நீண்டகாலப் பழுதுபார்ப்பு கூட்டத்தை எவ்வாறு மாற்றுகிறது, அதன் செலவை யார் சுமக்கின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூடுவது ஏன் நல்லது?

ராட்சத ராட்டினமோ ரோலர் கோஸ்டரோ, ஒவ்வொரு சுற்றிலும் அதன் அச்சு, திருகாணி, பற்றவைப்பு இணைப்பு ஆகியவை அழுத்தத்திற்கு உள்ளாகின்றன. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் நாளடைவில் பெரிதாகிறது. காலையில் பூங்கா திறக்கும் முன் நடைபெறும் அன்றாடச் சோதனையில் எல்லாக் குறைகளும் வெளிப்படா. பாகங்களைக் கழற்றி, துருவையும் வண்ணப்பூச்சையும் நீக்கி, உலோகத்தைச் சோதித்தால்தான் உட்குறை தெரியும். கடற்காற்றும் நான்கு மாத மழையும் சேர்ந்த மும்பை போன்ற ஊரில் இத்தேவை இன்னும் மிகுதி.

இதைத் தள்ளிப்போட்டால் நேரக்கூடிய இழப்பைப் பணத்தால் அளவிட இயலாது. 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத்தின் காங்கரியா ஏரிப் பூங்காவில், ஊசல் போல் ஆடும் சவாரி ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும்போதே முறிந்து விழுந்தது. இருவர் உயிரிழந்தனர், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அன்று ஞாயிற்றுக்கிழமை, குடும்பங்கள் கூடும் நாள். இதனை நினைவில் கொண்டால், தடுப்புவேலி போட்டு மூடப்பட்ட சவாரியைக் கண்டு நாம் வருந்தலாமே தவிர, சினங்கொள்ள வேண்டியதில்லை. கேட்க வேண்டிய வினா வேறு: எப்போது மூடினர், எவ்வளவு முன்னதாக அறிவித்தனர், எப்போது திறப்பர்?

கூட்டம் எங்கே செல்கிறது?

ஒரு சவாரி மூடப்பட்டால் அந்த அளவுக்குக் கூட்டமும் குறையும் என்று நினைக்கத் தோன்றும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. வங்கிக் கிளையில் ஐந்து கவுண்டர்களில் ஒன்றை மூடினால் வாடிக்கையாளர் வீடு திரும்புவதில்லை. மற்ற நான்கு வரிசைகளில் போய் நிற்கின்றனர். பூங்காவிலும் இதுவே நடக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பூங்காவில் ஐந்து பெரிய சவாரிகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் மணிக்கு 800 பேரை ஏற்றிச் செல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 3,900 பேர் ஏற வருகின்றனர். சவாரி ஒன்றுக்கு 780 பேர், இருபது இடங்கள் மிஞ்சுகின்றன, வரிசை நீள்வதில்லை. இப்போது ஒன்று மூடப்படுகிறது. அதே 3,900 பேர் நான்காகப் பிரிந்தால் சவாரி ஒன்றுக்கு 975 பேர். மணிக்கு 175 பேர் ஏற இடமின்றி வரிசையில் தங்குகின்றனர். மூன்று மணி நேரம் கழிந்தால் ஒவ்வொரு வரிசையிலும் 525 பேர் நிற்பர். கடைசியில் நிற்பவர் ஏறுவதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். மூடப்பட்டதோ ஐந்தில் ஒன்று. ஆனால் காத்திருப்போ ஏறத்தாழ இல்லை என்ற நிலையிலிருந்து முக்கால் மணியை நெருங்கிவிட்டது.

இதன் பொருளாதாரப் பொருள் தெளிவானது. 1,500 ரூபாய்ச் சீட்டில் ஒருவர் ஆறு சவாரிகளில் ஏறினால் ஒன்றுக்கு 250 ரூபாய். வரிசையில் நேரம் கழிந்து நான்கில் மட்டுமே ஏற முடிந்தால் ஒன்றுக்கு 375 ரூபாய். சீட்டின் விலை மாறவில்லை. நாம் பெற்றதன் விலை உயர்ந்துவிட்டது. அருகில் வசிப்பவர் மறுமுறை வந்து ஈடுசெய்துகொள்வார். தொலைவிலிருந்து ஒருமுறை மட்டும் வருபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே பழுதுபார்ப்பின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை.

மாத்தேரான் கற்பிக்கும் பாடம்

நீண்டகால நிறுத்தத்தின் விளைவை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மான்குர்டிலோ செம்பூரிலோ ஹார்பர் வழித்தட ரயிலேறி, குர்லாவில் கர்ஜத் வண்டிக்கு மாறினால் நேரல் வந்துவிடும். அங்கிருந்து மாத்தேரான் மலைக்குச் செல்லும் சிறுரயில், அப்துல் உசேன் ஆதம்ஜி பீர்பாய் அவர்களின் முயற்சியால் 1907இல் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட இப்பாதை வெறும் போக்குவரத்து அன்று. மலைக்குச் செல்வோரில் பலருக்கு அந்தப் பயணமே சுற்றுலா.

இந்த ரயில் பலமுறை நீண்ட காலம் நின்றிருக்கிறது. 2005 ஜூலை பெருமழையில் பாதை சிதைந்தது. 2007இல்தான் மீண்டும் ஓடியது. 2016 மே மாதத்தில் இருமுறை தடம்புரண்டதால் நிறுத்தப்பட்டு, 2018 ஜனவரியில் முழுமையாகத் திரும்பியது. 2019 மழைக்காலத்தில் மறுபடியும் சேதம். தொடர்ந்து வந்த பெருந்தொற்றுக் காலத்தையும் கடந்து, 2022 அக்டோபர் 22 அன்றுதான் நேரலிலிருந்து மாத்தேரான் வரை முழுப் பாதையும் திறக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கும் மேற்பட்ட காத்திருப்பு அது.

அதுவரை மலையேறுவோர் வருகை நின்றுவிடவில்லை. வழி மட்டும் மாறியது. மாத்தேரானுக்குள் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால், நேரலில் இறங்கியோர் பகிர்வு டாக்சியில் தஸ்துரி நுழைவிடம் வரை சென்றனர். அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரத்தை நடந்தோ, குதிரையிலோ, மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவிலோ கடந்தனர். அமன் லாட்ஜிலிருந்து மாத்தேரான் வரையிலான குறுந்தூர ரயில் ஓடிய காலங்களில் அதையே பலரும் நாடினர். இருபத்தோரு கிலோமீட்டர்ப் பயணத்தின் எதிர்பார்ப்பு அந்தச் சிறு துண்டில் வந்து குவிந்தது. கால்வலியுள்ள பெரியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் கூடுதல் செலவு தவிர்க்க இயலாததாயிற்று.

எனினும் அந்த இடைவெளி வீணாகவில்லை. பாதையோரத்தில் கற்களைக் கம்பிவலைக்குள் அடுக்கிய தடுப்புச் சுவர்கள் எழுந்தன. புதிய தண்டவாளக் கட்டைகள் பதிக்கப்பட்டன. பள்ளத்தை ஒட்டிய வளைவுகளில் தடுப்பரண்கள் அமைந்தன. மேலும், ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் நேரல்–அமன் லாட்ஜ் பகுதியில் ரயில் நிறுத்தப்படுகிறது. ஆண்டுதோறும் வரும் இந்த நிறுத்தத்தால் யாரும் ஏமாறுவதில்லை. ஏனெனில் அது எல்லோருக்கும் தெரிந்த கால அட்டவணை. மக்களை வருத்தியது திரும்பும் நாள் தெரியாமல் நின்ற காலங்களே.

போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் ‘வனராணி’ பொம்மை ரயிலும் இத்தகையதே. 2021 மே மாதத்தில் வீசிய டவ்தே புயலில் அதன் பாதை சேதமடைந்தது. 2025இல்தான் வண்டி மீண்டும் ஓடியது. ரயில் நின்ற ஆண்டு நான்கு வயதாயிருந்த குழந்தைக்கு அது திரும்பும்போது எட்டு வயது. பொம்மை ரயிலுக்கு ஆசைப்படும் பருவம் காத்திருப்பதில்லை. கோராயில் 1989இல் திறக்கப்பட்டு ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவத்தில் இடம்பெற்ற எஸ்ஸெல்வேர்ல்டோ, 2022இல் மூடப்பட்டது.

அறிவித்து மூடும் முறை

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டை ஜப்பானில் காணலாம். டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983இல் திறக்கப்பட்ட நாள்தொட்டு இயங்கிய ‘ஸ்பேஸ் மவுண்டன்’ சவாரியை முற்றிலும் இடித்துப் புதிதாகக் கட்ட அதன் நிர்வாகம் முடிவு செய்தது. இதனை 2022 ஏப்ரலிலேயே அறிவித்தது. சவாரி 2024 ஜூலை 31 வரை ஓடியது. புதியது 2027இல் திறக்கப்படும் என்பது திட்டம். முதலீடு ஏறத்தாழ 5,600 கோடி யென் என்றும் வெளிப்படையாகக் கூறப்பட்டது.

இங்கே கவனிக்கத்தக்கது, மூடுவதற்கு முந்தைய மாதங்களை ஒரு விடைபெறும் விழாவாகவே நடத்தினர் என்பதாகும். கடைசியாக ஒருமுறை ஏற விரும்பியோர் அதற்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொண்டனர். புதியதைக் காண விரும்புவோர் 2027க்குப் பின் செல்லலாம். மூடியிருக்கும் காலம் மூன்றாண்டாயினும், தேதி தெரிந்ததால் கூட்டம் தானே தன்னைப் பிரித்துக்கொள்ள வழி பிறந்தது.

வணிகவியல் நோக்கில் பார்த்தால் நிர்வாகத்தின் தயக்கமும் புரியும். சவாரி நின்றாலும் கடன் வட்டி, ஊதியம், காப்பீடு, தேய்மானம் ஆகியவை நிற்பதில்லை. வருவாய் குறையும்போது பழுதுபார்ப்புச் செலவும் சேர்கிறது. எனவே ‘இந்த மே விடுமுறை கழியட்டும்’ என்று ஒத்திவைக்கும் ஆசை எழுவது இயல்பு. இதற்கென ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் நிறுவனம் குறித்த காலத்தில் நிறுத்தி, குறித்த காலத்தில் திறக்கிறது. ஒதுக்காத நிறுவனத்துக்கு மழையோ விபத்தோ தேதி குறிக்கிறது. வீட்டுக் கூரை ஒழுகும் முன்னரே அதற்கெனப் பணம் எடுத்துவைக்கும் குடும்பத்தலைவியின் கணக்கும் இதுவே.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடுவோர் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

1. சீட்டு வாங்கும் முன், அன்று எந்தெந்தச் சவாரிகள் இயங்கா என்பதைப் பூங்காவின் அறிவிப்பில் பாருங்கள். இல்லையெனில் தொலைபேசியில் கேளுங்கள். குழந்தை எதற்காக வர விரும்புகிறதோ அந்தச் சவாரியைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

2. சீட்டின் நிபந்தனைகளைப் படியுங்கள். சவாரிகள் முன்னறிவிப்பின்றி நிறுத்தப்படலாம், பணம் திருப்பித் தரப்படாது என்ற வரிகள் இடம்பெறுவது வழக்கம். தேதியை மாற்றிக்கொள்ள இடமளிக்கும் சீட்டு சிறிது விலை கூடினாலும் நன்று.

3. மூடப்பட்ட சவாரிகள் மிகுதியாக இருப்பின், வார நாளில் செல்லுங்கள். வாயில் திறக்கும் நேரத்திலேயே நுழையுங்கள். மேற்கண்ட கணக்கின்படி வரிசை மணிக்கு மணி வளர்வதால், முதல் மணி நேரமே மிகுந்த பயன் தரும்.

4. மலை ரயில்களுக்குப் பருவம் பாருங்கள். மாத்தேரானுக்குத் தென்மேற்குப் பருவமழை தடை. நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையம்–குன்னூர்ப் பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் அடிக்கடி நிறுத்தப்படுகிறது. ஊருக்குச் செல்லும்போது உதகையையும் சேர்த்துக்கொள்வோர் மாற்று ஏற்பாட்டுக்கும் பணம் ஒதுக்குக.

5. இயங்குவதாக உறுதியளித்துச் சீட்டு விற்றுவிட்டு, வந்தபின் மறுத்தால், சீட்டையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி முதலில் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். தீர்வு கிட்டாவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

6. சுற்றுலாவுக்கெனத் தனியே ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். மாதம் 1,500 ரூபாய் செலுத்தினால் ஓராண்டில் 18,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் சேரும். தேதி தள்ளிப்போனால் கடன் தவணை நெருக்கும், சேமிப்போ காத்திருக்கும்.

சவாரியைப் பழுதுபார்க்க மூடுவது நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. அதனை உரிய பருவத்தில் செய்வதும், திறக்கும் நாளை முன்கூட்டியே சொல்வதும் நடத்துவோரின் கடமை. கேட்டறிந்து புறப்படுவது நம் பங்கு.