மரத்துக்குள் லிக்னின் எங்கே இருக்கிறது?

காகிதக் கூழ் தயாரிக்கும்போது மரத்திலிருந்து நீக்க வேண்டியது லிக்னின் என்னும் பொருள். அது செல் சுவரில் எங்கே அடர்ந்திருக்கிறது? சாயமேற்றாமலே பார்க்கலாம்.

பாப்லர் மரத்தின் மெல்லிய சீவலில் லேசரைப் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சுகிறார்கள். சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு அலைநீளம் மாறி வரும், 1928-இல் சி. வி. ராமன் கண்ட விளைவு இது. மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும்.

சிக்கல் அதன் பிறகுதான். ஆயிரக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு முழு நிறமாலை. மரத்தின் இழைப்பொருளான செல்லுலோஸும் லிக்னினும் பின்னிக் கிடப்பதால் அவற்றின் நிறமாலைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. போதாக்குறைக்கு லிக்னின் தானாகவும் ஒளிரும். அந்தப் பின்னணியைக் கழித்து, ஒத்த நிறமாலைகளைக் கணினி குழுக்களாகப் பிரித்தால்தான் வரைபடம் கிடைக்கும். வரைபடத்தில் குழுக்களைக் காட்டும் வண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒவ்வொரு குழுவின் சராசரி நிறமாலையையும் சரிபார்த்தே தீர வேண்டும்.

அப்படிப் பார்த்ததில், செல்கள் சந்திக்கும் மூலைகளில்தான் லிக்னின் மிக அடர்த்தியாக இருக்கிறது.