மார்கழி விடியலில் டீசல் டிராக்டரைக் கிளப்புதல்

பிசான நடவு முடிந்து, சேற்றுழவுக்கென மாட்டிய கேஜ் சக்கரங்களைக் கழற்றிக் கழுவி வைத்த பின்னர், தாமிரபரணிப் பாசன நிலங்களில் டிராக்டருக்கு வேலை மிகவும் குறைந்துவிடுகின்றது. டிரெய்லர் இழுக்கும் வேலை உடையவர்கள் நீங்கலாக, மற்றையோர் அறுவடைக் காலமாகிய மாசி, பங்குனி வரையில் அதனைக் கொட்டகையிலோ வேப்பமரத்தடியிலோ நிறுத்தி வைப்பது வழக்கம். இடையில் மார்கழி அல்லது தை மாதத்து விடியற்காலையில் யாதேனுமொரு காரியத்திற்காக அதனைக் கிளப்ப முற்படுங்கால், எஞ்சின் இரண்டு முறை முனகிவிட்டு ஓய்ந்துவிடுகின்றது. "குளிர் பிடித்துக்கொண்டது" என்று டிரைவர் கூற, உடைமையாளரும் அதனை ஏற்றுக்கொள்கிறார்.

ஆனால் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் முதலிய சமவெளிப் பகுதிகளில் மார்கழி விடியலிலும் உஷ்ணநிலை 20 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழே இறங்குவது அரிது. நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சினுக்கு இது குளிரே அன்று. குற்றத்தைக் குளிரின்மேல் ஏற்றிவிடுவதால் உண்மையான பழுது மறைந்து நிற்கின்றது. அம்மட்டோடு அமையாமல், எஞ்சினைக் "கட்டாயப்படுத்திக்" கிளப்பும் பொருட்டுக் கையாளப்படும் குறுக்கு வழிகளால் டிரைவரின் உயிருக்கே அபாயம் நேருகின்றது. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல் தீப்பொறி எழுப்பும் கருவி டீசல் எஞ்சினில் கிடையாது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர் 1897 ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் செவ்வனே ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவம், காற்றை மிகவும் நெருக்கினால் அது தானே கொதித்தெழும் என்பதுதான். சிலிண்டருக்குள் புகுந்த காற்று 16 முதல் 18 பங்கில் ஒரு பங்காக அமுக்கப்படும்போது அதன் உஷ்ணம் 500 டிகிரிக்கு மேலும் செல்லும். டீசல் எண்ணெய் தானே தீப்பற்றுவதற்கு ஏறக்குறைய 250 டிகிரி போதுமானதாகையால், நாசில் வழியாகப் பனிபோல் தூவப்பட்ட எண்ணெய் உடனே எரிகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணரலாம்.

பம்பை மெதுவாக அடித்தால் அவ்வளவு சூடு ஏறுவதில்லை என்பதையும் அவர்கள் கண்டிருப்பார்கள். எஞ்சின் மந்தமாகச் சுழன்றால், அமுக்கப்படும் காற்று தன் உஷ்ணத்தைக் குளிர்ந்த இரும்புச் சுவர்களுக்குக் கொடுத்துவிடுகின்றது. ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகவும் நழுவுகின்றது. எனவே எஞ்சின் கிளம்புவது எத்தனை குளிர் என்பதைக் காட்டிலும், எவ்வளவு வேகமாகச் சுழற்றப்படுகின்றது, காற்று எவ்வளவு கசியாமல் நிற்கின்றது என்பவற்றையே பெரிதும் பொறுத்தது.

வெளியிலிருந்து சூடேற்றி எஞ்சினைக் கிளப்பும் முறை புதியதன்று. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவரின் முயற்சியால் எண்ணெய் எஞ்சின் வைத்துக் கிணற்று நீரிறைத்தல் பரவலாயிற்று. அக்காலத்து எண்ணெய் எஞ்சின்களில் ஒரு வகைக்குத் தலையில் இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். ஊது விளக்கை அதன்மேல் பிடித்துப் பல நிமிஷங்கள் காய்ச்சிச் சிவக்கச் செய்த பின்னரே சக்கரத்தைச் சுழற்றிவிடுவார்கள். 1921 இல் ஜெர்மனியில் வெளிவந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரும் அவ்வாறே கிளப்பப்பட்டது. இன்றைய ஹீட்டர் பிளக் அந்த ஊது விளக்கின் பேரன் எனலாம். பாட்டன் பல நிமிஷங்களில் செய்ததை இது சில விநாடிகளில் செய்துவிடுகின்றது.

க்ளோ பிளக் என்று புத்தகங்களிலும், ஹீட்டர் பிளக் என்று பட்டறைகளிலும் வழங்கும் இக்கருவி விரல் பருமனுள்ள ஓர் உலோகக் குச்சியாகும். உள்ளே மின்சாரக் கம்பிச் சுருள் இருக்க, சாவியைத் திருப்பியதும் அதன் நுனி 800 டிகிரிக்கு மேல் பழுத்துவிடும். இது எல்லா டிராக்டர்களிலும் இருப்பதன்று. எண்ணெயைப் பிஸ்டனின் தலையிலுள்ள குழியில் நேரே தூவும் எஞ்சின்கள் ஒரு வகை. 1960 இல் சென்னையில் நிறுவப்பெற்ற டாபே கம்பெனியின் மாஸி பெர்குஸன் டிராக்டர்களில் பொருத்தப்பட்டு வந்த சிம்ப்சன் மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இந்திய டிராக்டர்களில் பெரும்பாலானவையும் இவ்வகையே. இவற்றுக்கு ஹீட்டர் பிளக் வேண்டுவதில்லை. ஒரு சிலவற்றில் மட்டும் காற்றுக் குழாயில் தெர்மோஸ்டார்ட் என்ற சிறு கருவி இருக்கும். அது சிறிதளவு டீசலைக் குழாய்க்குள்ளேயே எரித்து உட்செல்லும் காற்றைக் காய்ச்சுவது.

மற்றொரு வகையில் எண்ணெய் முதலில் பக்கத்திலுள்ள சிற்றறைக்குள் தூவப்பட்டு, அங்கிருந்து எரிந்துகொண்டே சிலிண்டருக்குள் பாயும். ஓசை குறைவு, ஓட்டம் மென்மை. ஆனால் சிற்றறையின் சுவர்ப் பரப்பு மிகுதியாகையால் உஷ்ணம் விரைவில் வீணாகும். இதற்காக அமுக்க அளவு 20 பங்குக்கு மேல் வைக்கப்பட்டிருப்பினும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப ஹீட்டர் பிளக் அவசியம். ஜப்பானிய குபோட்டா கம்பெனியின் சிறு டிராக்டர்களில் பல இவ்வகை எஞ்சின் கொண்டவை. இவற்றை வாங்கியுள்ள விவசாயிகள், ஹீட்டர் பிளக் குளிர் நாட்டிற்கு மட்டும் உரியதென்று எண்ணி அசட்டையாக இருத்தல் கூடாது. இவ்வூர்க் காலைப்பொழுதிலும் இவ்வெஞ்சின்களுக்கு அது வேண்டும்.

உபயோகிக்கும் முறை எளிது. சாவியைச் சூடேற்றும் நிலையில் வைத்து, முகப்புப் பலகையிலுள்ள சுருள் அடையாளமிட்ட விளக்கு அணையும் வரையில் பொறுத்து, அதன் பின்னரே செல்ப் மோட்டாரை இயக்க வேண்டும். பொறுமையற்ற டிரைவர்கள் விளக்கைக் கவனியாமல் சாவியை ஒரே மூச்சில் திருப்பிவிடுகின்றனர். மூன்று பிளக்குகளில் ஒன்று கெட்டிருப்பின், எஞ்சின் நடுக்கத்துடன் கிளம்பி, ஒரு நிமிஷம் வெண்புகை கக்கி, பின்னர் சீராகும். இக்குறி தோன்றினால், பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு கம்பியைப் பாட்டரியின் பாஸிடிவ் முனையிலும் மற்றொன்றை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பார்க்கலாம். விளக்கு எரியாத பிளக் அறுபட்டது. அதனைக் கழற்றுவதற்கு எஞ்சின் இளஞ்சூடாக இருத்தல் நலம். கரி பிடித்து இறுகிய பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகினால் நுனி ஒடிந்து உள்ளே விழும். ஐந்து நிமிஷ வேலை எஞ்சினின் தலையைக் கழற்றும் வேலையாகிவிடும்.

மெய்யான குளிர் எங்கே உள்ளதெனில், உதகமண்டலத்தில் தை மாதத்தில் உறைபனி படியுங்கால் டிராக்டர் கிளம்புவது உண்மையிலேயே கடினம். லடாக் பிரதேசத்திலோ டீசலிலுள்ள மெழுகு உறைந்து குழாயை அடைத்துவிடும். அதன் பொருட்டு இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் பூஜ்யத்திற்குக் கீழ் 33 டிகிரி வரையில் உறையாமல் ஓடும் தனி டீசலை அங்கே வழங்கத் தொடங்கியது. இவற்றோடு ஒப்பிடுங்கால் சேரன்மகாதேவியின் மார்கழி மாதம் எஞ்சினுக்கு வசந்த காலமே.

அவ்வாறாயின் இவ்வூரில் டிராக்டர் ஏன் மறுக்கின்றது? முதற்காரணம் பாட்டரி. உபயோகியாமல் வைத்திருக்கும் பாட்டரி தானாகவே வலுவிழக்கும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அதன் மேல்மூடியில் படிந்த தூசியோடு சேர்ந்து இரு முனைகளுக்குமிடையே மின்சாரம் கசிய வழி செய்கின்றது. முனைகளில் பூக்கும் வெண்பச்சை உப்பு, இணைப்பைத் தளர்த்துகின்றது. ஐப்பசியில் நன்றாக இருந்த பாட்டரி மார்கழியில் விளக்கை எரிக்கும், ஹார்னை ஒலிக்கும். ஆனால் எஞ்சினைச் சுழற்றாது. செல்ப் மோட்டார் இழுக்கும்போது வோல்ட்மீட்டரில் 9½ வோல்ட்டுக்குக் கீழே இறங்குமாயின் பாட்டரியையோ இணைப்புகளையோ சந்தேகிக்க வேண்டும். திராவகத்தின் அடர்த்தி ஹைட்ரோமீட்டரில் 1.200 க்குக் கீழிருந்தால் சார்ஜ் செய்யாமல் பயனில்லை. முனைகளை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, வாஸலைன் தடவுவதற்கு ஆகும் செலவு ஒரு குவளைத் தேநீருக்கு மேற்படாது. குறைந்த அளவிற்கு வடித்த நீரையே ஊற்ற வேண்டும். வாய்க்கால் நீரோ கிணற்று நீரோ உதவா.

பாட்டரி வேகமாகச் சுழற்றியும் எஞ்சின் கிளம்பாவிடில், புகைக் குழாயை நோக்க வேண்டும். இதனைக் காட்டிலும் சிறந்த சோதனை வேறில்லை. சுழலும்போது புகையே வாராவிட்டால் டீசல் சிலிண்டரைச் சேரவில்லை. நிறுத்தும் குமிழ் இழுத்தபடியே இருக்கின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். மெக்கானிக்கை அழைத்து வந்த பிறகு இக்குறை கண்டுபிடிக்கப்படுவது அரிதான நிகழ்ச்சியன்று. அடுத்து டாங்கியில் டீசல் உண்டா, பில்டர் அடைந்துள்ளதா, குழாயில் காற்று புகுந்துள்ளதா என்பன. காற்று புகுந்திருப்பின் பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையின்றி டீசல் வழியும் வரையில் விட்டு இறுக்கி, பின்னர் டீசல் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். மழைக்காலத்தில் பாதி காலியாக நிற்கும் டாங்கியின் உட்சுவரில் காற்றின் ஈரம் வியர்த்து நீராகி அடியில் தங்கும். டாங்கியை நிரப்பி நிறுத்தினால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

வெண்புகை மிகுதியாக வருமாயின் டீசல் சேருகின்றது, ஆனால் எரியவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் முதலில் அதனைச் சோதிக்க வேண்டும். அஃதில்லாத எஞ்சினில், காலையில் மட்டும் மறுத்து, சூடான பிறகு தொட்டவுடன் கிளம்பும் இயல்பு காணப்பட்டால், ரிங்குகளோ வால்வுகளோ தேய்ந்து அமுக்கம் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். கோடையுழவின் புழுதியில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் ஓட்டியதன் பலன் இவ்விதம் மார்கழியில் வெளிப்படுகின்றது. எண்ணெய்க் கிண்ணமுள்ள வடிகட்டியில் அடியில் சேறு படிந்தவுடன் எண்ணெயை மாற்றியிருந்தால் இந்நிலை பல ஆண்டுகள் தள்ளிப் போயிருக்கும்.

இனி, அபாயகரமான வழக்கங்களைக் குறித்து. காற்றுக் குழாயின் வாயில் ஈதர் தெளிப்பதும், பெட்ரோலில் நனைத்த துணியைக் காட்டுவதும் சிலரிடம் உண்டு. ஹீட்டர் பிளக் அல்லது தெர்மோஸ்டார்ட் உள்ள எஞ்சினில் பழுத்த நுனியில் ஈதர் பட்டால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். ஏனைய எஞ்சின்களிலும் காலம் தவறி வெடித்து ரிங்குகளை உடைக்கும்.

செல்ப் மோட்டாரின் இரு முனைகளைத் தரையில் நின்றுகொண்டே திருப்புளியால் இணைத்துக் கிளப்புவது இதனினும் கொடியது. கிளட்சை மிதித்தாலன்றி, அல்லது கியர் நியூட்ரலில் இருந்தாலன்றி எஞ்சின் கிளம்பாதபடி அமைத்த பாதுகாப்பு ஸ்விட்சை இவ்வழக்கம் பயனற்றதாக்குகின்றது. வண்டி கியரில் நின்றிருந்தால் கிளம்பிய கணமே முன்னே பாயும். திருப்புளியைப் பிடித்தவர் நிற்பதோ பின்சக்கரத்தின் நேர் முன்னால். உலகமெங்கும் டிராக்டர் மரணங்களுக்குரிய அறியப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

மூன்றாவது வழக்கம் ஆற்றுப் பாசனப் பகுதிகளுக்கே ஏற்றதுபோல் அமைந்துள்ளது. பாட்டரி வலுவிழந்த டிராக்டரை மாலையில் வாய்க்கால் கரையின் மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, காலையில் சரிவில் உருட்டிக் கிளப்புகின்றனர். கன்னடியன் கால்வாயாயினும் மருதூர் மேலக்காலாயினும் கரை குறுகியது, மழையில் நெகிழ்ந்திருப்பது. எஞ்சின் ஓடாத டிராக்டர் சில வகைகளில் ஸ்டியரிங்கும் இலகுவில் திரும்பாது. கரையோடு சரிந்து வண்டி வாய்க்காலில் கவிழ்ந்தால் டிரைவர் அதன் அடியில் அகப்படுவார். கரையும் சேதமுறும். இதனைத் தடுப்பதில் கிராம அதிகாரிகளுக்கும் நீர்ப்பாசன சபையினருக்கும் பங்குண்டு.

கூட்டுறவுச் சங்கங்கள் வாடகைக்கு விடும் டிராக்டர்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. பலர் ஓட்டும் யந்திரத்தை ஒருவரும் கவனியாதது இயல்பு. கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டு, எஞ்சின் கிளப்பப்பட்ட தேதி, பாட்டரிக்கு நீர் ஊற்றிய தேதி, பில்டர் மாற்றிய தேதி ஆகிய மூன்றையும் எழுதி வரச் செய்தால், பழுது நேருமுன்பே காரியதரிசிக்கு அது தெரியவரும்.

ஓய்வுக் காலத்தில் பத்து நாட்களுக்கு ஒரு முறை எஞ்சினைக் கிளப்பி அரைமணி நேரமாவது ஓட்டுவது நன்று. இரண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்துவது தீங்கு. கிளப்பச் செலவான மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பாமலே போய்விடும். ஒரு தடவையில் செல்ப் மோட்டாரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் இயக்காமல், அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிஷம் ஆறவிட வேண்டும். கிளம்பியவுடன் வேகத்தை ஏற்றாமல், எண்ணெய் எங்கும் பரவும் வரையில் மெதுவாக ஓடவிட வேண்டும். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி வைத்து, பிசான அறுவடைக்கு ஒரு வாரம் முன்பாகச் சார்ஜ் செய்து மாட்டிக்கொள்ளலாம்.