எள்ளு கொடுத்தால் கை நீட்டுங்கள்!

ஓசூரில் பஸ் ஏறி ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திபெலே. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிற நம்மவர், "அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?" என்று பத்துப் பேரைக் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார். அத்திபெலே தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர் எவரையும் கேட்பதில்லை. பக்கத்து ஊர்தானே, பாஷையும் பாதி நம் பாஷைதானே என்ற நினைப்பு. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

சங்கராந்தியை எடுத்துக்கொள்வோம். நாம் பொங்கல் வைக்கும் அதே நாள்தான். அன்று மாலை கன்னடக் குடும்பத்துப் பெண்களும் சிறுமியரும் புதுத்துணி உடுத்தி, தட்டேந்தி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வருவார்கள். தட்டில் 'எள்ளு பெல்ல' இருக்கும். வெள்ளை எள், பொடியாக நறுக்கிய வெல்லம், கொப்பரைத் துண்டு, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்தது. கூடவே கரும்புத் துண்டும் சர்க்கரை அச்சும். இதைத் தின்று நல்ல பேச்சே பேசுவோம் என்பது அவர்கள் வழக்கம்.

நம் வீட்டுப் பாட்டிக்கோ எள் என்றதும் எள்ளும் தண்ணீரும் நினைவுக்கு வந்துவிடுகிறது. எள்ளையும் உப்பையும் கையில் வாங்கினால் சண்டை வரும் என்று வேறு கேட்டு வளர்ந்தவர். "நல்ல நாளும் அதுவுமாய் எள்ளா?" என்று முகம் சுளித்துக் கதவோரம் ஒதுங்கிவிடுகிறார். வந்தவர்களுக்கு இந்தக் காரணம் தெரியுமா? "உறவாட வந்தோம், வாசலோடு திருப்பிவிட்டார்கள்" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் குழாயடியில் பேச்சு நின்றுபோகும்.

மரியாதைச் சொல்லில் நேர்வது இன்னொரு கூத்து. 'வாருங்கள்' என்பதற்குக் கன்னடத்தில் 'பன்னி'. மரியாதையாக அழைத்தவரையே முறைத்த புதியவர்கள் உண்டு! ஆலையில் உடன் வேலை செய்யும் பையன்களிடம் கற்ற 'பா', 'ஹோகு' என்பதை வீட்டுக்கார அம்மாளிடம் சொல்வதோ, நம் ஊரில் பெரியவரை 'வா', 'போ' என்பதற்குச் சமம். அவர்களிடம் 'பன்னி', 'ஹோகி' என்றே சொல்ல வேண்டும்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். 1991-இல் காவிரிக் கலவரம் வந்தது; 2016 செப்டம்பரிலும் வந்தது. அப்போது பஸ்கள் நின்றுபோக, மூட்டை முடிச்சோடு இந்த எல்லையை நடந்தே கடந்தார்கள் மக்கள். அப்படிப்பட்ட நாளில் "இவர்கள் நம்மவர்கள்" என்று தெருவில் சொல்ல வேண்டியவர் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்தான்.

பாட்டிக்குக் கையில் வாங்கச் சங்கடமென்றால், ஒரு தட்டை நீட்டி அதில் வாங்கிக்கொள்ளட்டும். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல், வீட்டில் இருக்கும் சர்க்கரைப் பொங்கலில் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பலாம். அவர்களுக்கும் அது புதிதல்ல. 'ஹுக்கி' என்பார்கள்.