அலாச்சத்தி: கல்வீடும் காற்றும்

துருக்கி தேசத்தின் மேற்குக் கரையில், இஸ்மீர் நகரத்திலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தூரத்தில், ஈஜியன் கடலுக்குள் நீண்டு கிடக்கும் செஷ்மே தீபகற்பத்தில் உள்ள அலாச்சத்திக்கு இன்று போகிறவர்களில் பலர், பாய்மரப் பலகையில் ஏறிக் கடலில் விளையாடவே போகிறார்கள். அது உயர்ந்த விளையாட்டுத்தான். ஆயினும் கடலில் இறங்குமுன் ஒரு காலைப் பொழுதாவது ஊருக்குள் நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தப் பிரதேசத்து வெளிர்நிறக் கல்லை அறுத்துக் கனத்த சுவர்களாக எழுப்பி, கீழ்த்தளத்தைச் சரக்குக்கும் மேல்தளத்தைக் குடியிருப்புக்கும் வைத்து, தெருவின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரச் சாளரங்களோடு 19-ஆம் நூற்றாண்டில் இவ்வீடுகளைக் கட்டியவர்கள், திராட்சை பயிரிட்டு மது வடித்து வாழ்ந்த கிரேக்கர்கள். 1922-இல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடந்த யுத்தம் முடிந்தபோது அவர்கள் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. மறு வருஷம் ஜனவரியில் லோசான் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையோ, மதம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்களைக் கிரீஸுக்கும் ஏறக்குறைய 4 லட்சம் முஸ்லிம்களைத் துருக்கிக்கும் உரியவர்களாக்கிவிட்டது. கிரீட் தீவிலிருந்தும் பால்கன் நாடுகளிலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்கள் இந்தக் காலி வீடுகளில் குடியேறின. கிரீட்டிலிருந்து வந்தவர்களில் பலருக்குத் தாய்மொழி கிரேக்கமே என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது. திராட்சைக் கொடி படர்ந்த நிலத்தில் அவர்கள் புகையிலை நட்டார்கள். கடைத்தெருவில் 1874-இல் எழும்பிய தேவாலயம் மசூதியாயிற்று. அதன் உள்ளே பழைய பலிபீடத்துச் சலவைக்கல் வேலைப்பாடு இன்றும் இருக்கிறது, தொழுகை வேளையில் அதன்மேல் திரை இழுக்கிறார்கள்.

இனிக் கடலின் விசேஷத்தைச் சொல்ல வேண்டும். கோடையில் வடக்கிலிருந்து ஓயாமல் வீசும் 'மெல்டெமி' என்னும் காற்று, குன்றின்மேல் நிற்கும் பழைய காற்றாலைகளை ஒரு காலத்தில் சுழற்றியது. தெற்கு நோக்கிய விரிகுடாவுக்கு அது தரையைக் கடந்தே வருவதால், வேகம் இருந்தும் அலை பெருக அவகாசம் இல்லை. அடியில் மணல், கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவு நீர்தான். பாய்மரப் பலகைக்குச் சுக்கான் கிடையாது. எத்திசையும் வளையும் மூட்டில் நிற்கும் பாயை முன்னே சாய்த்தால் பலகையின் முனை காற்றை விட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். தவறி விழுந்தவர் அங்கேயே எழுந்து நின்று பாயை நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கியே தள்ளுகிறதாகையால், புதிதாய்ப் பழகுகிறவர்கள் ஆழமற்ற எல்லையைத் தாண்டாதிருப்பது அவசியம். ஜூலை, ஆகஸ்டில் ஜனநெருக்கம் மிகுதி. தெருவையும் கடலையும் நிதானமாக அனுபவிக்க விரும்புகிறவர்கள் ஜூன் தொடக்கத்திலோ செப்டம்பரிலோ போவது உசிதம்.