கட்டியின் சூட்டைத் தேடும் கேமரா

எண்ணூர்ப் பக்கம் மின்நிலைய ஸ்விட்ச்யார்டில் வேலை பார்ப்பவரிடம் தெர்மல் கேமராவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. லைன் ஓடும்போதே எட்ட நின்று கேமராவைத் திருப்பினால், போல்ட் லூஸான ஜாயின்ட் மட்டும் திரையில் பளிச்சென்று தெரியும். கரண்ட்டை நிறுத்த வேண்டாம். எதையும் தொட வேண்டாம். அந்த வகைக் கேமராவை மூளை ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே அதற்கென்ன வேலை? டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய காலத்தில், மண்டைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழலை வைத்துக் கட்டியின் இடத்தை ஊகிப்பார்கள். இன்று வலிப்பு என்று ராயபுரத்திலிருந்து ஸ்டான்லிக்கு ஓடுகிறவருக்கு எம்ஆர்ஐ இடத்தைக் காட்டிவிடும். தொல்லை மண்டையோட்டைத் திறந்த பிறகுதான். மூளையைச் சுற்றியுள்ள நீர் வடிய, மூளை தொய்ந்து இறங்கும். முன்பு எடுத்த ஸ்கேன் கணக்கு ஒரு சென்டிமீட்டர்கூடத் தப்பலாம். க்ளையோமா வகைக் கட்டியோ நல்ல திசுவோடு கலந்து கிடக்கும். எல்லை கண்ணுக்குப் பிடிபடாது. கூடுதலாக எடுத்தால் பேச்சோ கையசைவோ போகலாம். குறைத்தால் கட்டி மறுபடி தலைதூக்கும்.

இந்த எல்லையைக் காட்ட 5-ஏஎல்ஏ என்ற மருந்து உண்டு. ஆபரேஷனுக்கு முன் குடிக்கக் கொடுத்தால், நீல வெளிச்சத்தில் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும். 2006-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், இந்த முறையில் 65 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுதாக வந்தது. சாதாரண வெளிச்சத்தில் 36 சதவீதம்தான். தியேட்டருக்குள்ளேயே எம்ஆர்ஐ வைக்கலாம், கோடிகள் வேண்டும்.

தெர்மல் கேமராவுக்கு மருந்தும் வேண்டாம், கதிர்வீச்சும் கிடையாது. உடல் தானாக வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரையே அது படமாக்குகிறது. கட்டியில் ரத்த ஓட்டமும் செல்களின் வேலையும் மாறுபடுவதால் சூடும் மாறும். மெலனோமா புற்று மூளைக்குப் பரவிய ஒரு நோயாளியைப் பற்றி அமெரிக்காவில் பாபக் கதேப் குழு 2009-ல் எழுதியது: கட்டியின் நடுவில் 36.4 டிகிரி செல்சியஸ், சுற்றியுள்ள திசுவில் 33.1. ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தைப் பிரிக்கும் கேமராவுக்கு இது தாராளம். இந்தக் கேமரா நுட்பத்துக்கு நம் பக்கத்து முகம் ஒன்றும் உண்டு. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் அகச்சிவப்பு சென்சார்களை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர், இலங்கையில் பிறந்த சரத் குணபால.

ஆனால் அந்த ஒரு மெலனோமா நோயாளியை வைத்துக் கொண்டாடிவிட முடியாது. ஜாயின்ட் லூஸானால் சூடேறும், அதில் மறுபேச்சில்லை. மூளைக் கட்டிகளிலோ சில சுற்றுத் திசுவைவிடக் குளிர்ந்தே தெரிகின்றன. தவிர, கேமரா காண்பது மேற்பரப்பை மட்டும். ஆழத்தில் பதுங்கிய கட்டி அதற்குச் சிக்காது. திறந்த மூளை காயாமலிருக்க சலைன் விட்டாலே படம் குழம்பும். தியேட்டர் விளக்கும் ஏசியும் தம் பங்குக்குக் குழப்பும். இந்தப் படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைக்க எந்தச் சர்ஜனும் துணிய மாட்டார். துணியவும் கூடாது.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு வழி. ஜெர்மனியின் டிரெஸ்டனில் குளிர்ந்த சலைனை ரத்த நாளத்தில் செலுத்தி, அந்தக் குளிர்ச்சி மூளைப் பரப்பில் எங்கே முதலில் வருகிறது, எங்கே தாமதிக்கிறது என்று தெர்மல் கேமராவில் பார்த்திருக்கிறார்கள். அசையாத படத்தில் சூடா குளிரா என்று மல்லுக்கட்டுவதைவிட, ரத்தம் ஓடும் விதத்தை நேரில் பார்ப்பது சர்ஜனுக்குக் கூடுதலாகப் பயன்படும்.