எந்தக் கொல்லங்கோடுங்க?

காலை ஐந்தரை மணி. கொல்லங்கோட்டில் ஒரு வயல் வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறேன். எதிரே நெல்லியாம்பதி மலை இன்னும் கறுப்பாக, கம்பளியை இழுத்துப் போர்த்திய ஆள் மாதிரி கிடக்கிறது. பக்கத்தில் ஒரு தம்பி குனிந்து, கேமரா ஆடாமல் தாங்கும் கிம்பலோடு மல்லுக்கட்டுகிறான். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நெழல் விழுகுது!" சூரியனே வரவில்லை, அதற்குள் என் நிழலாம்! ஆனாலும் சொல்கிறேன், திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. பின்னே? ஒரு வருஷமாகப் போனில் பார்த்து ஜொள்ளு விட்ட ரீல்ஸின் அடுப்பங்கரைக்குள்ளேயே வந்துவிட்டேனே!

ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 ஜூலையில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் ஒரு படத்தொகுப்பைப் பகிர்ந்தார். இந்தியாவின் அழகான பத்து கிராமங்கள் என்று யாரோ போட்ட பட்டியல் அது. மேகாலயாவின் மாவ்லின்னாங், அருணாசலத்தின் ஸிரோ என்று பெரிய பெரிய பெயர்களுக்கு நடுவே, மூன்றாவதாகக் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோடு! அவ்வளவுதான். அதுவரை பொள்ளாச்சிக்காரர்கள் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, ஜன்னலுக்கு வெளியே பாதிக் கண்ணால் பார்த்துவிட்டுப் போன ஊருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கார்கள் வரிசை கட்டின. பச்சை வயல், பனைமரம், பின்னால் மலை, மழைக்காலத்தில் மலையிலிருந்து வெள்ளைக் கோடுகளாக இறங்கும் அருவிகள். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் காலண்டர்.

இதில் ஒரு கூத்து. கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரு கொல்லங்கோடு இருக்கிறது. தூக்கத் திருவிழாவுக்குப் பேர்போன பத்ரகாளி கோயில் ஊர். தமிழில் எழுதினால் ஒரு எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. மேப்பில் தேடியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தம்பி நடத்தும் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இன்றைக்கும் வாரத்துக்கு நாலு பேர் தவறாமல் கேட்கும் கேள்வி, "எந்தக் கொல்லங்கோடுங்க?"

தம்பியின் பெயரை எழுதக்கூடாது என்பது ஒப்பந்தம். "பேர் போட்டீங்கன்னா அம்மா பேரும் போடணும், அம்மா ஒத்துக்க மாட்டாங்க." அம்மா எதற்கு நடுவில் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வருகிறேன் அதற்கு.

முதலில் அந்தச் சாயா ஷாட். வயலோரக் கடையில் சாயாவை ஆற்றும்போது பித்தளைப் பாத்திரத்துக்கும் கண்ணாடி டம்ளருக்கும் நடுவே நீளமாக ஒரு பழுப்புக் கயிறு நிற்குமே, பின்னால் மலை தெரிய, அந்த இரண்டு விநாடி! அதற்கு ஒன்பது டேக். முதல் டேக்கில் ஆவி லென்ஸில் ஏறிவிட்டது. இரண்டாவதில் குறுக்கே ஆடு. மூன்றாவதில் கடைக்காரர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஆறாவதில் மேகம் வந்து மலையே காணோம். ஒவ்வொரு டேக்கும் ஒரு சாயா. ஊற்றியதை வீணாக்கக்கூடாதாம், குடிக்கும் வேலை என் தலையில். எட்டரை மணிக்குள் எனக்கு நெஞ்சு படபடத்தது காட்சியாலா சாயாவாலா என்று இப்போதும் தெரியாது. கடைசியில் எடுத்துக்கொண்டது எது தெரியுமா? கடைக்காரர் சிரித்த மூன்றாவது டேக்!

ட்ரோன் உண்டா என்று ஆசையாகக் கேட்டேன். உண்டு, ஆனால் வயலுக்கு மேலே மட்டும். மலைப்பக்கம் காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வம்பு. பேச்சை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

இனி வீட்டுக்கு வாருங்கள், உண்மையான ஸ்டுடியோ அங்கேதான். ஒரு பழைய ஓட்டு வீடு, உள்ளறையில் பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, நடுவில் ஒரு ஸ்டூல். தொங்கும் சேலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு வாய்ஸ் ஓவர் பேசுகிறான்! எதிரொலி வராதாம். பாச்சா உருண்டை வாசனையில் தும்மல் வந்து இரண்டு டேக் போச்சு.

அவன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டபோதுதான் எனக்கு வித்தை பிடிபட்டது. அது தமிழா மலையாளமா? "மழ வந்தா நம்ம வயல் வேற மாதிரி, கேட்டோ!" எந்தப் பக்கத்துக்காரர் கேட்டாலும் தன் ஊர்ப் பையன் பேசுவதாகவே தோன்றும். மழை, மலை, வாழை, தலை எல்லாம் பேச்சுத் தமிழில் மழ, மல, வாழ, தல ஆகிவிடுகிறது. மலையாளத்தில் எழுத்திலேயே அப்படித்தான். இரண்டுக்கும் பொதுவான சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கி வாக்கியம் கட்டுகிறான். பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கம் சந்தையில் வெண்டைக்காய் விற்பவர்கள் காலங்காலமாகப் பேசுவதுதான். 1956 நவம்பர் 1-ல் மாநிலக் கோடு போட்டபோது, சந்தைக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த வித்தை ஒரு தடவை காலை வாரிவிட்ட கதையை அவன் வாயாலேயே கேட்டேன். பக்கம் தொடங்கிய புதிதில், சீதார்குண்டு அருவியைப் படம் பிடித்து, மேலே பெரிதாக "இன்னிக்கு நல்ல வெள்ளம்" என்று போட்டான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்! திருச்சூர்க்காரர்கள் துண்டும் சோப்புமாகக் கிளம்பினார்கள். கோயம்புத்தூர்க்காரர்களோ, ஐயையோ ஊரே மூழ்கிவிட்டது என்று பயணத்தை ரத்து செய்தார்கள். ஒருவர் "எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா தம்பி?" என்று உருக்கமாகச் செய்தி அனுப்பினாராம். அவன் பதறிப்போய்ப் பதிவை நீக்கப் போனான். தடுத்தது அம்மா. "எடுக்காத. நம்ம தப்ப நாமளே சொல்லிச் சிரிக்கலாம்." கீழே இரண்டு மொழியிலும் விளக்கம் எழுதிப் போட்டார்கள். அதுவரை வெறுமனே இதயம் அமுக்கிவிட்டுப் போனவர்கள், அன்றைக்கு முதல்முறையாகத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். உங்க ஊரில் இதுக்கு என்ன சொல்வீங்க, எங்க ஊரில் இப்படி என்று கமெண்ட்டில் திருவிழா! பக்கத்துக்கு உயிர் வந்தது அந்த வெள்ளத்தில்தான்.

இப்போது அம்மா. அடுப்பு மேடையில், சாம்பார்ப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், இருநூறு பக்க நோட்டு ஒன்று. எட்டிப் பார்த்தேன், அசந்துபோனேன். ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதெல்லாம் வரிசையாக. பஸ் எத்தனை மணிக்கு? அமிர்தா எக்ஸ்பிரஸ் இங்கே நிற்குமா? குழந்தையோடு அருவிக்குப் போகலாமா? பெண்கள் உடை மாற்ற இடம் உண்டா? எதிரே பதில், ஒரு பக்கம் தமிழில், ஒரு பக்கம் மலையாளத்தில். தோசை வெந்துகொண்டிருக்கும்போதே போனைப் பிடித்து, குரலில் சொல்லிச் சொல்லிப் பதில் அனுப்புகிறார். கேட்டவர் எந்த மொழியில் கேட்டாரோ அந்த மொழியில். போன் சில சமயம் தவறாகக் கேட்டு "தோசை" என்பதைத் "தேசம்" ஆக்கிவிடும், அதற்கும் ஒரு திட்டு.

இந்தப் பக்கத்தில் ஜனங்கள் அதிகமாகச் சேமித்து வைத்த பதிவு எது என்று கேட்டேன். சூரிய உதயம்? அருவி? ம்ஹூம். அம்மா தன் கையெழுத்தில் எழுதிய பஸ் நேர அட்டவணை! மூலையில் ஒரு மஞ்சள் விரல் ரேகைகூட இருக்கிறது.

எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. 2004-ல் வலைப்பூக்களைத் திரட்டித் தரும் தமிழ்மணம் வந்த பிறகு நானும் ஒரு வலைப்பூ நடத்தினேன். கமெண்ட்டுக்குப் பின்னூட்டம் என்று எவ்வளவு அழகான பெயர் வைத்திருந்தோம்! ஒருவர் எழுதினால் பதில் எழுதாமல் தூங்கக்கூடாது என்பது அந்தக் காலத்து மரியாதை. பதிவைவிடப் பின்னூட்டம் நீளமாக இருக்கும், அதில் கல்யாணம் பேசி முடித்தவர்களும் உண்டு. 2020 ஜூன் 29-ல் அரசு டிக்டாக்கைத் தடை செய்ய, அடுத்த பத்து நாளுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இறக்கியபோது, போச்சு, இனி எல்லாம் ஓடுகிற படம்தான், பேச்சே கிடையாது என்று நினைத்தேன். அம்மாவின் நோட்டைப் பார்க்காமல் நினைத்துவிட்டேன்.

இரண்டு மொழிக்கு நடுவே நின்று ஊரைக் கூட்டியவர்களில் மகாராணி ஒருவர் இதே மாவட்டத்தில் இருக்கிறார். அட்டப்பாடி நஞ்சியம்மா! ஆனைகட்டி தாண்டினால் அவர் ஊர்ப்பக்கம்.  ஆடு மாடு மேய்த்துக்கொண்டு, ஒரு கலைக்குழுவோடு மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர். 2020 பிப்ரவரியில் வந்த சச்சியின் 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காக, ஜேக்ஸ் பிஜோய் இசையில், தானே எழுதிய 'களக்காத்த' பாட்டை இருளர் மொழியில் பாடினார். படத்துக்கு முன்பே பாட்டு யூடியூபில் பறந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அதனோடு வந்த திரைமறைவுத் துணுக்கு. பிருத்விராஜைத் தெரியுமா, பிஜு மேனனைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்று நஞ்சியம்மா வெள்ளந்தியாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு எந்த விளம்பரக் கம்பெனி எவ்வளவு கொடுத்தாலும் இன்னொரு டேக் கிடைக்காது! 2022 ஜூலையில் தேசிய விருது அறிவிப்பு, செப்டம்பர் 30-ல் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் சிறந்த பின்னணிப் பாடகி விருது. அந்தப் பாட்டில் பாதி தமிழனுக்குப் புரியும், பாதி மலையாளிக்குப் புரியும், மீதியை இருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

கேமராவால் ஊரைக் கூட்டியவர்களும் உண்டு. புதுக்கோட்டை சின்ன வீரமங்கலத்து யூடியூப் வில்லேஜ் குக்கிங் சேனல் தாத்தாவும் பேரன்களும் 2018-ல் தொடங்கி 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள், தமிழில் அதைத் தொட்ட முதல் சேனல். எங்கள் தம்பிக்கு அவர்கள் குலதெய்வம் மாதிரி. சுவரில் படம் இல்லாததுதான் குறை.

இடுக்கிப் பக்கம் அவனுக்கு ஒரு கூட்டாளி. சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிற அண்ணன். கொழுக்குமலை இருக்கிறதே, அது தேனி மாவட்டம், தமிழ்நாடு. ஆனால் ஜீப்பில் ஏற வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். இங்கே முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்கோ தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான் சாலை. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் வாசல் வழியாக நுழைகிற கதை! விடிவதற்கு முன்னே, ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் அடி உயரத்துக்கு அந்த அண்ணன் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் சுற்றுலாப் பயணியின் பயத்தையும் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். மேகக் கடல் இருக்கிறதா இல்லையா என்று மேலேயிருந்து ஒரு குரல் செய்தி. தம்பி அதை அப்படியே போடுவான். மேகம் இல்லாத நாளில் இல்லை என்றே போடுவார்கள். ஏன் வருமானத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றதற்கு, "ஏமாந்து வந்தவன் திரும்ப வரமாட்டானுங்கக்கா" என்று வந்தது பதில்.

கூட்டம் வந்தால் குப்பையும் வரும். 2022 அக்டோபரில் இடுக்கியின் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது, படம் பார்த்துப் படையெடுத்தவர்கள் பூவைப் பறித்தார்கள், பாட்டிலைப் போட்டார்கள். இங்கேயும் வரப்பில் கார் ஏறி நாற்று நசுங்கியிருக்கிறது. அதனால் வயலுக்குச் சொந்தக்காரர் சம்மதிக்காமல் எந்த வயலையும் எடுப்பதில்லை, வழியையும் சொல்வதில்லை. இது அம்மா போட்ட சட்டம். கூட்டிவந்தவன் காவலும் காக்க வேண்டும் என்கிறார், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

இரவு ஏழு மணி. திண்ணையில் நான், தம்பி, அம்மா, பக்கத்து வீட்டுப் பாட்டி, எல்லாரும் ஒரே போனைச் சுற்றி. சாயாக் கடைக்காரர் சிரித்த ரீல் தயார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினான். பத்து விநாடி. இருபது. பாட்டி, "வந்துச்சாடா?" என்கிறார். டிங்!

முதல் கமெண்ட். தம்பி வாசித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார், நோட்டைப் பார்க்கவே இல்லை.

"பாலக்காட்டுக் கொல்லங்கோடுங்க. பொள்ளாச்சியிலிருந்து பஸ் இருக்கு. வாங்க, குடை எடுத்துட்டு வாங்க."