சிறு காமிராவும் அதன் நோய்களும்

உள்ளங்கையில் அடங்கும் ஆக்ஷன் காமிரா இன்று பள்ளி விளையாட்டு விழாக்களிலும் கல்விச் சுற்றுலாக்களிலும் பெரிதும் பயன்படுகின்றது. ஆயின், ஓட்டப் பந்தயம் முடியுமுன் அது தானே நின்றுவிட்டால், மீண்டும் ஓடுமாறு மாணவரைக் கேட்க இயலுமா? ஆதலின் இக்கருவி பழுதுறும் காரணங்களை ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று.

இதன் வரலாறு கடலலையில் தொடங்குகின்றது. அலைச்சறுக்கில் ஈடுபாடு கொண்ட அமெரிக்கரான நிக் உட்மன், அலைமேற் செல்வோர் தம்மைப் படமெடுக்க ஏற்ற கருவி வேண்டுமென எண்ணி, 2002இல் கோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். 2004இல் வெளிவந்த அதன் முதற் காமிரா, மணிக்கட்டிற் கட்டிக்கொள்ளும் 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவாகும். 2016இல் வந்த ஹீரோ 5 பிளாக், தனி உறையின்றியே 10 மீட்டர் ஆழம் வரை நீரைத் தாங்கியது.

நீர் புகாதவாறு அடைக்கப்பட்ட சிற்றுடலே இக்கருவியின் வலிமை. அதன் நோய்களுள் இரண்டிற்கு மூலமும் அதுவே. நீர் புகாத பெட்டியிலிருந்து வெப்பமும் ஈரமும் எளிதில் வெளியேறுவதில்லை.

முதலாவது வெப்பம். ஓடும் மிதிவண்டியிற் காற்றுப் பட்டுக் குளிரும் காமிரா, திடலில் முக்காலிமேல் அசையாது வெயிலில் நின்றால் சூடேறும். தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். நிழலில் வைத்தல், நொடிக்குரிய படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தல், சிறு சிறு பகுதிகளாகப் பதிதல் ஆகியவை இதற்கு மருந்தாகும்.

இரண்டாவது ஈரம். மலேசிய, சிங்கப்பூர்க் காற்று ஆண்டு முழுவதும் ஈரம் மிக்கது. மூடியைத் திறந்து மின்கலம் மாற்றுங்கால் அக்காற்று உள்ளே அடைபடுகின்றது. பின்னர் ஆற்றுநீர் பட்டுக் கண்ணாடி குளிர்ந்ததும், அவ்வீரம் நுண்துளிகளாகப் படிந்து படத்தை மங்கச் செய்கின்றது. ஆகவே குளிர்சாதன வசதியுள்ள உலர்ந்த அறையில் மூடியைத் திறப்பதே முறை. ரப்பர் விளிம்பில் ஒரு மயிரிழை கிடந்தாலும் நீர் புகும். கடலிற் பயன்படுத்திய காமிராவை, மூடி திறக்குமுன் நன்னீரில் அலசித் துடைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பதிவட்டையைச் சார்ந்தது. அட்டை மெதுவாக எழுதுமாயின் பதிவு இடையில் நின்றுவிடும். வி30 என்னும் குறியுள்ள அட்டை, நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதவல்லது.

பதிவின் நடுவே மின்கலத்தைக் கழற்றிவிட்டால் வீடியோ திறவாமற் போகலாம். எல்லாம் போயிற்றென எண்ணி அட்டையை அழித்துவிடுவோர் உளர். அது பெரும் பிழை. ஒரு நூலை எழுதி முடித்தபின் பொருளடக்கம் எழுதுவதுபோல, வீடியோவின் அட்டவணையும் பெரும்பாலும் பதிவின் இறுதியிலேயே எழுதப்படுகின்றது. இடையில் மின்சாரம் அற்றால் பக்கங்கள் இருக்கும்; பொருளடக்கம் இராது. அவ்வட்டையில் வேறெதனையும் பதியாமல், அதே காமிராவில் மீண்டும் இடுதல் வேண்டும். பழுதுநீக்கும் வசதியுள்ள காமிராக்கள் அதனைத் தாமே சீர்செய்ய முயலும்.

வருமுன் காப்பது இவற்றினும் எளிது. விழாவின் முந்தைய நாளே பழைய படங்களை வேறிடத்திற் படியெடுத்து, அட்டையைக் காமிராவிலேயே துப்புரவாக்கி, மின்கலத்தை நிரப்பி, அதே திடலில் அதே வெயிலில் பத்து நிமிடம் பதிந்து பார்த்தல் வேண்டும். அன்று காமிரா நின்றால் இழப்பொன்றுமில்லை. மறுநாள் ஒரு சிறுவன் முதலாவதாக ஓடி வந்து கோட்டைத் தொடும் நொடியோ, ஒருமுறைதான் வரும்.